கனமில்லாத தாரா

(விருந்தாளிகள் வாரம் - 11)

புதன்கிழமை காலை, சோக்கி பூசை அறையில் ஏழு கிண்ணங்களிலும் தண்ணீர் ஊற்றி முடித்தாள். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு பார்லி மணி இடைவெளி. விளிம்புக்குக் கீழே ஒரு மணி குறைவு. முப்பது வருடப் பழக்கம். பார்க்காமலே கை செய்யும்.

தாரா தேவியின் வெண்கலச் சிலைமேல் போர்த்தியிருந்த பட்டுத் துணி ஒரு பக்கம் சரிந்திருந்தது. இழுத்துவிட்டாள். விரல் சிலையின் முழங்காலில் பட்டது.

தாரா அசைந்தது.

சோக்கி கையை எடுத்துக்கொண்டாள். வருடத்துக்கு ஒருமுறை அலமாரியைத் துடைக்கும்போது அம்மா அதை இரண்டு கைகளாலும் தூக்கி, மூச்சை அடக்கி இறக்கி வைப்பாள். விரல் பட்டு அசைகிற சிலை இல்லை அது.

கதவைச் சாத்தினாள். மூச்சுக்காற்று படாமல் இருக்கத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கையால் தூக்கினாள்.

தேநீர்க் கெண்டி இதைவிடக் கனம்.

கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் செம்புத் தகடு இல்லை. உள்ளே மந்திரச் சுருள்கள் இல்லை, தானியம் இல்லை, மூலிகை இல்லை. விரலை விட்டபோது வார்ப்பு மண் உதிர்ந்து நகத்தில் ஒட்டியது. யாரும் உயிரேற்றாத வெறும் கூடு.

பட்டை முழுவதும் விலக்கினாள். வீட்டுத் தாராவின் வலது காலில் நான்கு விரல்கள்தான். சுண்டுவிரல் உடைந்துபோய் இருபத்தைந்து வருடம். இந்தத் தாராவின் காலில் ஐந்து விரல்களும் இருந்தன.

சிலையை இருந்த இடத்தில் வைத்தாள். பட்டைப் போர்த்தினாள். கை பழக்கத்தில் கூப்பப் போனது. பாதியில் நிறுத்தினாள்.

*

போன வாரம்வரை இந்த வீட்டில் நடந்தது கொஞ்சம்தான். பூட்டானின் ஹா பள்ளத்தாக்கில் ஆற்றைப் பார்த்த மூன்று மாடி வீடு. அம்மா இறந்ததும் மூத்த மகள் சோக்கிக்கு வந்தது. அவள் புருஷன் கிங்கா, இந்தப் பள்ளத்தாக்கின் மற்ற மாப்பிள்ளைகளைப்போல, கல்யாணமான அன்றே மூட்டையோடு இங்கே குடிவந்தவன். பன்னிரண்டு வருடமாகப் பயணிகளுக்கு வழிகாட்டி. திம்புவிலிருந்து ஒரு கம்பெனி வந்து, பயணிகள் ஒரு வாரம் குடும்பத்தோடு தங்கிப் பழகட்டும் என்றது. சமைக்கட்டும், நெய்யட்டும், கும்பிடட்டும் என்றது. முதலில் வேண்டாம் என்று சண்டை போட்ட கிங்கா திடீரென்று சரி என்றான்.

விருந்தாளிகளை நடத்துவது எப்படி என்று பயிற்சிக்காக சோக்கி நான்கு நாள் பாரோவுக்குப் போனாள். இரண்டு வாரத்துக்கு முன்னால். திரும்பி வந்தபோது அடுப்படியில் தங்கை யாங்கி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூன்று வருடமாக ஒரு கடிதமும் போடாதவள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறவள். அம்மாவின் முதல் வருடச் சடங்குக்கு வந்திருக்கிறேன் என்றாள்.

சடங்கு வருகிற சனிக்கிழமை. கம்பெனி ஒட்டிவிட்டுப் போன நிகழ்ச்சித் தாளிலும் அது இருந்தது: 'சனி: உண்மையான குடும்பச் சடங்கைக் காணும் அரிய வாய்ப்பு.'

சனிக்கிழமை லாமா வருவார். பள்ளத்தாக்கே வரும். லாமா தாராவைத் தூக்கி, எல்லோர் முன்னாலும் முகம் துடைப்பார். இரண்டு கையையும் நீட்டித் தூக்குவார். அவருக்கு அதன் கனம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வண்டி வரும். மூன்று விருந்தாளிகளும் அதில் விமான நிலையம் போவார்கள். அதே வண்டியில் யாங்கியும்.

சாவதற்கு முன் அம்மா சாவிக்கொத்தோடு அவளுக்குத் தந்தது அந்தத் தாராவைத்தான். அதை இழந்தவளை எந்த வாயால் வீட்டுக்காரி என்பார்கள்?

*

அடுப்படியில் ஹோன்தே செய்துகொண்டிருந்தார்கள். டர்னிப் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடிக்கிற கொழுக்கட்டை. டச்சுக்காரத் தோழிகள் இரண்டு பேரும் முழங்கைவரை மாவோடு இருந்தார்கள். நார்வேக்காரர் ஆர்னே மட்டும் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பாலப் பொறியாளர். எழுபது வயது.

"அக்கா, இவரப் பாரேன். மடிப்ப எண்றாரு" என்றாள் யாங்கி. "பதினெட்டாம். எனக்குப் பதினாறுதான் வருதாம். பாலத்துல ரெண்டு போல்ட் கொறஞ்ச மாதிரி பாக்கறாரு."

டச்சுக்காரிகள் என்னவென்று கேட்டார்கள். யாங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்னேவும் சிரித்தார்.

சோக்கி சிரிக்கவில்லை. ஆர்னேவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன விஷயத்தையும் விடாத விரல்கள். வந்த சனிக்கிழமை மாலையே கேட்டார், இந்த உத்தரம் எத்தனை வருடம் பழசு என்று. மாடி எத்தனை அடி என்று. பூசை அறை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இல்லையா என்று. தினமும் விடிவதற்குள் எழுந்து வீட்டைச் சுற்றி நடக்கிறார். ஒரு கறுப்பு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். யாராவது பக்கத்தில் வந்தால் மூடிவிடுகிறார்.

"ஏன் அக்கா ஒரு மாதிரியா இருக்க?" யாங்கி தோளால் இடித்தாள். "தூங்கலயா?"

"தூங்கினேன்."

"முகத்தப் பாத்தா வரி கட்டாதவ மாதிரி இருக்கு."

"உன் பெட்டி எத்தன கிலோ?"

யாங்கி மாவிலிருந்து கையை எடுத்தாள். "முப்பது விடுவான். எதுக்கு?"

"வந்தப்ப பாதிகூட இல்லயே. நேத்து நகத்திப் பாத்தேன், நகரல."

"போறப்ப ரொம்பாதா? காஞ்ச மிளகா, சீஸ், வெத்தலைக்குப் பாக்கு. பெர்த்துல இருக்கிற நம்மாளுங்க எல்லாம் லிஸ்ட் போட்டுக் குடுத்திருக்காங்க. நான் என்ன ஏரோப்ளேன்ல வர்ற கோவேறு கழுதையான்னு கேட்டேன். ஆமாங்கறாங்க."

"பூட்டு போட்டிருக்க."

"உன் வீடு இப்ப ஹோட்டலாச்சே அக்கா. ஹோட்டல்ல பெட்டியப் பூட்டணும்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உன் வீடு என்றாள். முன்பெல்லாம் நம்ம வீடு என்பாள்.

கிங்கா உள்ளே வந்தான். வெற்றிலைச் சிவப்பு உதட்டோரம் வழிந்தது. இரண்டு ஹோன்தேயை எடுத்து, உடுத்தியிருந்த கோ அங்கியின் மார்பு மடிப்புக்குள் போட்டுக்கொண்டான்.

"அத்தான், அது வேகல!" என்றாள் யாங்கி.

"வயித்துல வெந்துக்கும்."

"அக்கா ஊர்ல இல்லாதப்பவும் இப்படித்தான். சட்டியோட தூக்கிட்டுப் போயிடுவாரு."

கிங்கா சிரித்தபடி போய்விட்டான். சோக்கி ஊரில் இல்லாத நான்கு நாட்கள். அதைப் பற்றி இருவரும் அதிகம் பேசியதில்லை. யாங்கி இரண்டாம் நாள் வந்தாள். மிச்ச நாட்களில் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கிண்ணங்களில் தண்ணீர் யார் ஊற்றினார்கள்? சோக்கி இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்டால் கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

*

கத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்தாள். ஊர்த் தலைவர் வருவார். போலீஸ் வரும். எல்லோர் பெட்டியையும் கொட்டிப் பார்ப்பார்கள். இருந்தால் சரி. இல்லாவிட்டால், வந்தவர்களைத் திருடர் என்ற வீடு என்று பெயர் நிற்கும்.

பேசாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பிவிடும்.

மதியத்துக்கு மேல் கல் குளியல். ஆற்றோரம் மரத்தொட்டி. யாங்கி அங்கே தீ மூட்டி, உருண்டைக் கற்களைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இடுக்கியில் எடுத்துத் தொட்டியில் போடும்போது தண்ணீர் சீறுகிற சத்தம் வீடுவரை கேட்டது. முதலில் குளிக்கப் போனது ஆர்னே. டச்சுக்காரிகள் கிங்காவோடு வில் விளையாட்டு மைதானத்துக்குப் போயிருந்தார்கள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஆர்னேவின் அறை முன்பு அம்மாவின் அறை. பை கட்டிலுக்குக் கீழே இருந்தது. பிறர் பையில் சோக்கி வாழ்நாளில் கை விட்டதில்லை. குனிந்தபோது காது சுட்டது.

சுருட்டிய காலுறைகள். மாத்திரை டப்பா. தூரக்கண்ணாடி. இரும்பு அளவுநாடா. சிலை இல்லை. சிலை அளவுக்கு இடமும் இல்லை. பையின் அடியில் அந்தக் கறுப்பு நோட்டு.

திறந்தாள். அவள் வீடு அதில் இருந்தது. உத்தரங்கள், ஆணி இல்லாமல் பொருத்திய மூட்டுகள், மாடிப்படி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் எண்கள். அடுத்த பக்கம் பூசை அறை. ஜன்னலின் அகலம் எழுதியிருந்தது. அதற்கடுத்த பக்கம் முழுவதும் தாரா. உயரம், அகலம், பீடத்தின் சுற்றளவு.

மாட்டினான் என்று நினைத்தாள். திருடன் வெளியாள். இனி வீட்டாள் யாரையும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிறகு படத்தில் காலைப் பார்த்தாள்.

ஆர்னே நகத்தைக்கூட விடாமல் வரைந்திருந்தார். நீட்டிய வலது காலில் விரல்கள் ஐந்து. கீழே தேதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

அவர் வந்தது சனிக்கிழமை மாலை.

"தேடினது கெடச்சுதா?"

ஆர்னே கதவருகே நின்றார். கிங்காவின் பழைய கோ அங்கியை ஏனோதானோவென்று சுற்றியிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கல் குளியலின் மூலிகை வாசனை அறைக்குள் வந்தது.

சோக்கி எழுந்தாள். நோட்டு கையிலேயே இருந்தது. பள்ளியில் படித்த ஆங்கிலத்தில், மரியாதைக்குச் சேர்க்கிற 'லா'வும் கூடவே வந்தது.

"மன்னிச்சுக்குங்க லா."

"ரத்த அழுத்த மாத்திரை போட மறந்துட்டேன். அதுக்குத்தான் வந்தேன்." உள்ளே வந்து டப்பாவை எடுத்தார். கோபம் தெரியவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது. "சைடு ஜிப்புல சாக்லேட் இருக்கு. அதையும் நீங்க பாக்கல போல."

"இத எப்ப வரஞ்சீங்க?"

"தேதி போட்டிருக்கே. ஞாயித்துக்கிழமை காலையில."

"மேல பட்டு போத்தியிருக்கும். காலு தெரியாது."

"ஆமா. உங்க வீட்டுக்காரர் விலக்கிக் காட்டினார்."

சோக்கி படத்தை மறுபடி பார்த்தாள்.

"நான் கேக்கக்கூட இல்ல" என்றார் ஆர்னே. "அவரே சொன்னார், நல்லாப் பாருங்க, அளவு வேணும்னாலும் எடுத்துக்குங்கன்னு. அர மணி நேரம் உக்கார விட்டார். நல்ல மனுஷன்." மாத்திரையை விழுங்கினார். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல லா. நீங்க பண்ணல."

நோட்டை இரண்டு கையாலும் கொடுத்தாள். படியிறங்கினாள்.

கிங்கா. பயணிகளைப் பூசை அறை வாசற்படியோடு நிறுத்துகிறவன். கேமராவைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறவன். அவன் பட்டை விலக்கினான். அளவெடுக்கச் சொன்னான். அது தாரா இல்லை என்று தெரிந்தவன்தான் அப்படிச் செய்வான்.

*

மைதானத்தில் கூட்டம் இருந்தது. டச்சுக்காரிகளில் உயரமானவள் மூங்கில் வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் குறிப்பலகைக்குப் பக்கத்தில் நின்ற ஆட்கள் கையைத் தலைக்கு மேல் ஆட்டிக் கேலி செய்தார்கள்.

"மாட்ட ஓட்டுங்கடா! இந்தம்மா அம்பு மாட்டுக்குத்தான் வருது!"

"பலகை இங்க இருக்கு தாயே! ஆறு அந்தப் பக்கம்!"

அம்பு பாதி தூரத்தில் விழுந்தது. ஆரவாரம். டச்சுக்காரி குனிந்து வணங்கினாள். பெண்கள் வில்லைத் தொட்டால் குறி தவறும் என்று முணுமுணுத்த கிழவர்கூடக் கைதட்டினார்.

சோக்கி மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள். ஆட்டத்தின் நடுவே யாரும் அப்படி வருவதில்லை.

"கிங்கா, உன் பொண்டாட்டி வர்றா!" என்று ஒருவன் கத்தினான். "நடையப் பாத்தா வில்லக் கீழ போட்டுட்டு ஓடறது நல்லது!"

"ஓடி எங்கடா போவான்? வீடும் அவளுது!" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். கிங்காவும் சிரித்தான். வாயில் வெற்றிலை.

"வீட்டுக்கு வா" என்றாள் சோக்கி.

"ஆட்டம் முடியலயே. இந்தம்மாவுக்கு இன்னும் ரெண்டு அம்பு இருக்கு."

அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"தாராவுக்கு அஞ்சாவது வெரல் மொளச்சிருக்கு."

கிங்காவின் வாய் மெல்வதை நிறுத்தியது. வேறு எதுவும் மாறவில்லை. அது போதுமாக இருந்தது.

*

வரப்போரமாக நடந்தார்கள். அவள் முன்னால், அவன் பின்னால்.

"நான்தான் மாத்தினேன்" என்றான் கிங்கா.

அவள் திரும்பவில்லை.

"திருடல. ஒளிச்சு வெச்சிருக்கேன். நம்ம வீட்டுலதான் இருக்கு. பத்திரமா இருக்கு சோக்கி."

"அந்தப் பொம்ம எங்க வாங்கின?"

"நேபாளத்துல வாத்தது. திம்புல ஒரு கடைக்காரர் வழியா. ஜனவரில போட்டோ குடுத்தேன். நீ பாரோ போயிருந்தப்ப வந்துச்சு."

"போட்டோல வெரல் தெரியலயா?"

"பட்டோட எடுத்த போட்டோ. அவன் அஞ்சு வெச்சுட்டான். நானும் கவனிக்கல."

வேறு சமயம் என்றால் இதற்குச் சிரித்திருப்பாள்.

"ஜனவரியில கம்பெனிக்காரன்கிட்ட பூசை அறையக் காட்ட முடியாதுன்ன" என்றாள். "பிப்ரவரியில சரின்ன. இதனாலதானா?"

"அவன் விடல. பூசை அறை இல்லாட்டி வாரமே இல்லன்னான். என்ன பண்ணச் சொல்ற?" கிங்கா வெற்றிலையைத் துப்பினான். "வாங்தா வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும். நாலு பேர் வந்தாங்க. படம் எடுத்தாங்க. டீ குடிச்சாங்க. அடுத்த மாசம் கூரைய ஒடச்சு எறங்கி, மூணு சிலையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வந்தவங்கதான் எடுத்தாங்களா, யாருக்கும் தெரியாது. ஆனா அவங்களக் கூட்டிட்டுப் போனது நான். வாங்தா இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேட்டா நிம்மதியா இருக்கும்."

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. சோக்கியின் நடை கொஞ்சம் தளர்ந்தது. பிறகு மறுபடி வேகமானது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உசுரில்லாத பொம்ம முன்னாடி நீ விழுந்து கும்பிடுவியா? மாட்ட. நீ கும்பிடலன்னா வந்தவங்களுக்கு சந்தேகம் வரும். ஊருக்கும் வரும்."

"அதனால என்னக் கும்பிட வெச்ச."

அவன் நடை பின்தங்கியது.

"காலையில மூணு தரம். சாயங்காலம் மூணு தரம். நெத்தி தரையில பட. நீயும் பக்கத்துல நின்னு கும்பிட்ட கிங்கா."

"நான் மனசுல உண்மையானத நெனச்சுக்குவேன்."

"எனக்கு அத நெனச்சுக்கக்கூட வழியில்லாமப் பண்ணிட்ட." அவள் நின்று திரும்பினாள். "அம்மாவுக்குன்னு ஏத்தின வெளக்கெல்லாம் எங்க போச்சு?"

கிங்கா ஆற்றைப் பார்த்தான். தொட்டியின் ஆவி மரங்களுக்கு மேலே எழுந்துகொண்டிருந்தது. யாங்கி இன்னும் கல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கே எடுத்து வெச்சுடறேன்" என்றான். "சனிக்கிழமை லாமா தூக்கறப்ப நம்ம தாராதான் இருக்கும். யாருக்கும் தெரிய வேண்டாம். நீ என்ன ஏசறதா இருந்தா ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ஏசிக்கோ."

"எங்க வெச்சிருக்க?"

"தானியப் பெட்டில."

*

கீழ்த்தளத்தில் முன்பு மாடு கட்டிய இடம் இப்போது சேமிப்பு அறை. சுவரோரம் தேவதாருப் பலகையில் செய்த பெட்டி. ஆள் படுக்கலாம், அவ்வளவு நீளம். பார்லி முக்கால் அளவுக்கு இருந்தது. மூடி ஒற்றைப் பலகை, விளிம்பெல்லாம் இரும்புப் பட்டை. எலி நுழையக் கூடாது என்று செய்தது.

கிங்கா வலது பக்கம் பிடித்தான். சோக்கி இடது பக்கம் பிடித்தாள். சேர்ந்து தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அவளுக்கு மணிக்கட்டு வலித்தது.

"வடக்கு மூலையில. வெள்ளத் துணில சுத்தி வெச்சிருக்கேன்."

சட்டைக் கையை மடித்துவிட்டுப் பார்லிக்குள் கையை விட்டான். முழங்கை வரை. தோள் வரை. கன்னம் தானியத்தில் பட்டது. கை உள்ளே சுற்றுவது மேலே அலையாகத் தெரிந்தது.

"இங்கதான்" என்றான்.

அடுத்த மூலைக்குப் போனான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள்ளேயே இறங்கினான். மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினான். பார்லி தரையில் சிதறியது. மூச்சு இரைத்தது. வெள்ளைத் துணி ஒன்று வெளியே வந்தது. உதறினான். தானியம்தான் கொட்டியது.

சோக்கி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளுத்துப்போயிருந்தது. பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிற முகம். நேற்றாக இருந்தால் நம்பியிருப்பாள். இதே முகம்தான் இரண்டு வாரமாக அவள் பக்கத்தில் நின்று வெறும் கூட்டைக் கும்பிட்டது.

"வேற எடத்துக்கு மாத்தினியா?"

"இல்ல."

"நல்லா யோசி."

"இல்ல சோக்கி. இங்கதான் வெச்சேன். இந்தத் துணிதான்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"வெக்கறப்ப கூட யாரு இருந்தா?"

"நான் மட்டும்தான்."

"நெஜமா?"

"நெஜமா. தனியாத்தான் வெச்சேன்."

அவன் பெட்டியிலிருந்து வெளியே வந்தான். கால் விரல் நடுவிலெல்லாம் பார்லி. சோக்கி இரண்டு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அப்ப மூடு" என்றாள்.

"என்ன?"

"மூடிய எடுத்து மூடு. தனியா."

கிங்கா அவளைப் பார்த்தான். பிறகு மூடியைப் பார்த்தான். நடுவில் பிடித்து, சுவரிலிருந்து இழுத்தான். பலகை அவன் மார்பில் சாய்ந்தது. ஒரு முனை தரையில் இடித்தது. மறு முனையைப் பெட்டியின் விளிம்புக்குத் தூக்கப் பார்த்தான். முழங்கால் உயரம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை நழுவி, இரும்புப் பட்டை கல்தரையில் விழுந்த சத்தம் வீடு முழுவதும் கேட்டது.

இரண்டாவது முறை அவன் முயலவில்லை. மூடியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

சோக்கி உதவிக்கு வரவில்லை. அவள் பாரோவில் இருந்தபோது இந்த மூடியின் மறுபக்கத்தைப் பிடித்த கை யாருடையது?

சத்தம் கேட்டு வெளியே யாரோ ஓடி வந்தார்கள். ஈரச் செருப்பு முற்றத்துக் கல்லில் சப்தமிட்டது. கதவுக்கு வெளியே நின்றது.

"அத்தான்?" என்றாள் யாங்கி.

அக்காவைக் கூப்பிடவில்லை.